பெயர் போடாத பதினொரு கடிதங்கள்

கடிதம் பிரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று இரகுநாதன் ஐயா கூப்பிட்டபோது, தேர்தலில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாயிரத்து ஒன்று, கார்த்திகை மாதம். படிப்பு முடித்து மூன்று வருடமாகச் சும்மா இருந்தேன். தேர்தல் முடிந்தால் வேட்பாளர் வேலை போட்டுக் கொடுப்பார் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

பதுளை டவுனில் ஷுக்ரி நானாவின் புடவைக்கடை மேல்மாடிதான் எங்கள் தேர்தல் காரியாலயம். கீழே சேலை உதறும் சத்தம், மேலே நாங்கள் உறை கிழிக்கும் சத்தம். எங்கள் வேட்பாளர் போகும் கூட்டத்திலெல்லாம் ஒரே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்லுவார். "உங்க கஷ்டத்த எனக்கு நேரா எழுதுங்க. இடையில ஆளே வேணாம். பேர் போடப் பயமா இருந்தா பேர் போட வேணாம்." சனங்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். தினமும் சாக்கில் வந்து இறங்கியது தபால்.

என்னென்னவோ கேட்டிருந்தார்கள். வெளிநாட்டு உருளைக்கிழங்கை நிறுத்து என்று வெலிமடையிலிருந்து ஒருவர், கூடவே சாட்சிக்கு வாடிப்போன ஒரு கிழங்கையும் வைத்து அனுப்பியிருந்தார். பஸ், பாலம், தண்ணீர்ப் பைப்பு, புருஷனின் குடி. ஒரு தகப்பன் மகளுடைய ஜாதகத்தையே வைத்து, ஐயாவுக்குத் தெரிந்த நல்ல பையன் இருந்தால் சொல்லும்படி எழுதியிருந்தார். முதல் வாரம் எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தேன். இரண்டாம் வாரத்தில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன்.

இரகுநாதன் ஐயா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பாவைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து பதுளையிலேயே தங்கிவிட்ட ஆள். கடிதங்களைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து, சணலால் கட்டி, அந்தந்தத் தோட்டத்துச் சங்கத் தலைவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு.

மடுல்சீமைக்கும் மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அதன் மேல்கணக்கு டிவிசனிலிருந்து ஒரே நாளில் பதினொரு கடிதம் வந்தது. பதினொன்றும் ஒரே கையெழுத்து, உருண்டை உருண்டையான நல்ல எழுத்து. விஷயமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழாம் நம்பர் லயத்து வரிசைவீடுகளின் பின்சுவர் வெடித்து, வெடிப்புக்குள் கை போகிறது. மேலே மண்மேடு. மழைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. தோட்டத்தில் இருபது தனிவீடு கட்டுகிறார்கள், பட்டியலைப் போட்ட தலைவர் தன் சொந்தக்காரரைப் போட்டுவிட்டு ஏழாம் நம்பர் லயத்தையே விட்டுவிட்டார். கடைசி வரியும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பெயர் போடப் பயமாக இருக்கிறது, மன்னிக்கவும். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் வலது மூலையில் ஓர் எண் மட்டும் இருந்தது. ஒன்றில் 142, இன்னொன்றில் 87. அது என்ன எண் என்று நான் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை.

"ஐயா, இது தலைவரப் பற்றின முறைப்பாடு. இதையும் அவரிட்டயே குடுக்கிறதா?"

"வேற ஆரிட்டக் குடுக்கிறது?" கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கச்சேரியிலயும் இப்பிடித்தான், தம்பி சேந்தன். முறைப்பாடு வந்தால் உரிய ஆளுக்கு அறிக்கைக்கு அனுப்புறது. அவரைப் பற்றினது எண்டால் அவர்தானே பதில் சொல்லவேணும்? பெயரும் இல்லைத்தானே, பயம் என்ன? கட்டும்."

கட்டினேன். அது போதாதென்று, கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். வாக்காளர் துண்டு எழுத ஆள் தேவை என்று அந்த வாரமே என்னை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பசறை வழியாக ஜீப் ஏறியபோது பிடித்த மழை, இறங்கும்போதும் விடவில்லை. தலைவர் தயாபரன் குடையோடு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், கம்பளிச் சட்டையின் முழங்கை தைத்துத் தைத்துத் தடித்திருந்தது. கடிதக் கட்டை வாங்கி நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பி பிள்ளைக்காம்பராவுல தங்கிக்குங்க. பகல்ல புள்ளைங்க இருக்கும், அந்தி சாஞ்சா காலிதான். சாப்பாடு ராசையா வீட்டுல. அந்தப் பொண்ணு ஜெயலெட்சுமி சுத்தமா சமைக்கும், நாலெழுத்தும் தெரிஞ்ச புள்ள."

ஏழாம் நம்பர் லயம் அது. ஒரே கூரையின் கீழ் பதினொரு காம்பரா வரிசையாக ஒட்டியிருக்க, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு மண்மேடு. இராசையாவுடையது கடைசிக் காம்பரா. அவர் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவர் மனைவி ஜெயலெட்சுமி கொழுந்தெடுக்கிறாள். எட்டாம் ஆண்டு வரை படித்தவள். தனுஜா என்று ஆறு வயதில் ஒரு மகள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும். அடுப்புப் பக்கத்தில் எனக்குப் பலகை போட்டுக் கொடுத்தாள்.

"தம்பி பதுளை ஆபீசுலதான இருக்கீங்க? ஐயாவுக்கு வர்ற கடுதாசியெல்லாம் ஐயா படிக்கிறாங்களா?"

ரொட்டி வாயில் இருந்தது. அந்தப் பதினொரு கடிதத்தை எழுதியவள் இவள்தான் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "படிக்கிறாங்க அக்கா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் முகம் மலர்ந்துபோனது. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள். இராசையா தட்டைப் பார்த்தபடி, "மழ கொறையட்டும் மொதல்ல" என்றார்.

கை கழுவப் போனபோது சுவரைக் காட்டினாள். கூரையிலிருந்து தரை வரை கோணலாக ஓடிய வெடிப்பு. அதற்குள் பழைய படங்குச் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தாள். சாக்கு நனைந்து ஊறி, அடியில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது.

"போன வருசம் ஒரு வெரல்தான் போச்சு தம்பி. இப்ப பாருங்க, மணிக்கட்டு வரைக்கும் போகுது. புள்ளய இந்தப் பக்கம் படுக்க வைக்கிறதில்ல. ராத்திரியில மண்ணு பொலபொலன்னு விழுற சத்தம் கேக்கும். ஒடனே நான் எந்திரிச்சி குந்திக்குவேன். மூணு மாசமா இப்படித்தான்."

"ஆபீசுல சொல்லலையா?"

"சொன்னோம். தொர தலைவர்கிட்டச் சொல்லுன்னாரு. தலைவர் தொரகிட்டச் சொல்லுறேன்னாரு. அதோட சரி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாம் நம்பர் லயம். பதினொரு காம்பரா. நான் கட்டிக் கொண்டுவந்த பதினொரு கடிதம். ஆனாலும் பெயர் இல்லையே, கையெழுத்துத்தானே, தலைவர் எங்கே கையெழுத்தைப் பார்க்கப்போகிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் லயம் லயமாகப் போய்த் துண்டு எழுதினேன். விடிய ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடி, யார் எந்த மலைக்கு என்று கங்காணி பிரித்துவிடுவதை இஸ்தோப்பில் நின்று பார்ப்பேன். பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடையைக் கொளுவிக்கொண்டு, மழையோடு மழையாக ஏறிப்போவார்கள். மழைக்காலத்தில் அட்டை அதிகம். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு போனாலும் திரும்பும்போது கெண்டைக்காலில் இரத்தம் வழியும். அதை ஒரு விஷயமாகவே அவர்கள் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மழைக்கு ஒதுங்கினேன். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எம்பத்தேழு! பதினாலு கிலோ. தண்ணி கழிச்சி பன்னண்டு."

செவனம்மா என்ற வயதான பெண் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"நூத்தி நாப்பத்திரெண்டு!"

ஜெயலெட்சுமி முன்னால் வந்தாள்.

கடிதங்களின் மூலையில் பார்த்த அதே எண்கள். செக்ரோல் நம்பர், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் ஆளுக்கு ஆள் உள்ள எண். இந்தத் தோட்டத்தில் ஓர் ஆளுக்குப் பெயரை விட அதுதான் நிச்சயமான அடையாளம். பதுளை டவுனில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. தலைவருக்குத் தெரியும்.

லயத்துக்கு இறங்கும் குறுக்குப்பாதையில் அவளைப் பிடித்தேன்.

"அக்கா, அந்தக் கடுதாசியெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

சட்டென்று நின்றாள். சுற்றிப் பார்த்தாள். "மெல்லப் பேசுங்க. ஆமா. ஒவ்வொரு வீடா வந்து, ஆருக்கும் சொல்லாத லெச்சுமின்னு கேட்டாங்க. ஒருத்தருக்கு எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாது. நீங்க பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன். பேர் போடாம ஏன் நம்பர் போட்டீங்க?"

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "நம்பர் போடாம எப்படித் தம்பி? லீவுக் கடுதாசிக்கு நம்பர் வேணும். மருந்துக்குப் போனா நம்பர். புள்ள பொறந்தாக்கூட நம்பரச் சொல்லித்தான் பதியணும். நம்பர் இல்லாத கடுதாசிய ஆரு கையில எடுப்பா? ஐயா பேருதான போட வேணாம்னாரு?"

"அந்தக் கடுதாசியெல்லாம் இப்ப தலைவர்கிட்ட இருக்கு அக்கா."

தலையில் கொளுவியிருந்த கூடையின் கயிற்றை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஆரு குடுத்தா?"

"நான்தான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். படங்கை அவிழ்த்து உதறி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "சாப்புட வந்துருங்க. ரொட்டி ஆறிரும்" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

போனேன். போகாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. புருஷனிடம் அதற்குள் சொல்லியிருந்தாள். இராசையா இஸ்தோப்பில் குந்தியிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், நமக்கு வேணாம்னு."

"என்னாங்க சொன்னீங்க? சொவரு விழுந்தா பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"காலையில போயி தலைவரு கால்ல விழுந்துருவோம் புள்ள. தெரியாமச் செஞ்சிட்டோம்னு சொல்லுவோம்."

"விழுந்தா வீடு குடுப்பாரா?"

"வீட்ட விடு. இருக்க விடணும்ல? நாளைக்கி மலையில கொழுந்தே இல்லாத சொத்த நெரையாப் பாத்துக் குடுப்பாங்க, சம்பளத்துக்குப் பேரு போட மாட்டாங்க. எவன் கேப்பான்?"

"நெசத்தத்தான எழுதுனேன்? சொவரு வெடிக்கலையா? பட்டியல்ல அவரு மச்சினன் இல்லையா? எதத் தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல?"

இராசையா என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமில்லை. ஊரான் ஒருவன் எதிரில் வீட்டுப் பேச்சைப் பேச வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். அன்று சம்பலில் அவள் உப்புப் போட மறந்திருந்தாள். நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் தலைவர் கூட்டம் போட்டார். தேர்தல் கூட்டம் என்றுதான் ஆட்கள் வந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள், காரியாலயத்து ஆள் என்று. தலைவர் சட்டைக்குள்ளிருந்து கடிதக் கட்டை எடுத்தார். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"பதுளை ஆபீசுலேர்ந்து என்னையப் பத்திக் கடுதாசி வந்திருக்கு. பதினொண்ணு. நான் கோவிக்கல. கேக்குறேன், அவ்வளவுதான்." குரலை உயர்த்தவே இல்லை. "எம்பத்தேழு ஆரு?"

செவனம்மா எழுந்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"இது ஓங் கடுதாசியா?"

"எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதே தலைவரே. சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"குந்து. நூத்தி மூணு?"

"நான் இல்லீங்க."

"அறுவத்தாறு?"

"எவனோ வேணும்னு நம்பரப் போட்டுருக்கான் தலைவரே."

இப்படியே ஒன்பது பேர், பத்துப் பேர். பத்து வீடும் இல்லை என்றது. ஒவ்வொருவரும் உட்காரும்போது ஜெயலெட்சுமி இருந்த பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். தலைவர் கடைசித் தாளை எடுத்தார்.

"நூத்தி நாப்பத்திரெண்டு. ராசையா, ஓம் பொஞ்சாதி நம்பரு. ஒனக்குத் தெரியுமா?"

இராசையா எழுந்தார். நிலத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அவள் எழுந்தாள். மகளை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"எல்லாம் நான்தாங்க எழுதுனேன்."

"ஆரு சொல்லி எழுதுன?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். செவனம்மாவைப் பார்த்தாள், மற்ற ஒன்பது பேரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் எழுந்து, இந்தக் கடிதங்களை எழுதச் சொன்னதே எங்கள் ஐயாதான், பெயர் வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். அந்தக் கதிரை என்னை விடவில்லை என்று பிறகு ஒருநாள் கூட்டாளி ஒருவனிடம் பெருமையாகச் சொன்னேன். பொய். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"ஆரும் சொல்லலைங்க. நானாத்தான் எழுதுனேன்."

"பதினோரு பேரு நம்பரயும் நீயாத்தான் போட்டியா?"

"ஆமாங்க."

தலைவர் தாள்களை அடுக்கினார். "இந்த லயத்துக்குத் தகரம் வாங்கிக் குடுத்தது ஆரு? வேல நிறுத்தத்துல மூணு வாரம் பொலிசு கூட்டுல கெடந்தது ஆரு? பதினெட்டு வருசம் ஓடி அலைஞ்சவன் தன்னோட மச்சினனுக்கு ஒரு வீடு போட்டா குத்தமா? எங்கிட்ட வந்து கேட்டிருந்தா இல்லேன்னா சொல்லிருப்பேன்?"

"கேட்டேங்க. நாலு தரம் கேட்டேன்."

தாள்களை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாக்குச்சீட்டில் புள்ளடி போட வேண்டிய ஐயாவின் விருப்பிலக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் அன்று பின்னேரமே ஜீப் பிடித்துப் பதுளைக்கு இறங்கிவிட்டேன். போகும்போது அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

எங்கள் ஐயா வென்றார். எனக்கும் சொன்னபடி வேலை கிடைத்தது. அதே மேல்மாடியில், அதே மேசையில், ஐயாவின் கடிதப் பகுதிக்குத் தற்காலிக எழுத்தர். ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். தோட்டத்துச் செய்தி அப்போதைக்கப்போது காதில் விழும். தலைவர் பட்டியலைத் திருத்திவிட்டார் என்றார்கள். பத்து வீட்டைப் பகைத்துக்கொண்டு ஒரு டிவிசனில் தலைவராக இருக்க முடியாது. ஒரு வீட்டைப் பகைத்துக்கொண்டு இருக்கலாம். அந்தக் கணக்கு எனக்கு உடனே விளங்கியது, கேட்டும் ஒன்றும் செய்யவில்லை.

ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. உறையைக் கிழிக்குமுன்பே அந்த உருண்டை எழுத்து தெரிந்துவிட்டது.

"மாண்புமிகு ஐயா அவர்களுக்கு. மேல்கணக்கு ஏழாம் நம்பர் லயத்தில் பதினொரு குடும்பத்தில் பத்துக் குடும்பத்துக்குப் புது வீடு கிடைத்து, போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். உங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதித் தரும்படி அவர்கள் என்னைக் கேட்டார்கள். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் வீடு கிடைத்துவிட்டது என்று எழுதச் சொன்னார்கள். நான் அப்படி எழுதவில்லை. எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன். ஒன்பது பேர் அடுப்பில் உலை கிடக்கிறது என்று போய்விட்டார்கள். லயத்தில் இப்போது நாங்கள் மட்டும் இருக்கிறோம். மற்றப் பத்துக் காம்பராவின் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் பக்கத்துச் சுவரும் நனைகிறது. என் வீட்டுக்காரர் மூங்கில் வெட்டி முட்டுக் கொடுத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கு அது நிற்காது. பத்துக் குடும்பத்துக்கு வீடு கொடுத்ததற்கு நன்றி. இந்தக் கடிதத்தையும் நீங்கள் எங்கள் தலைவருக்குத்தான் அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். அனுப்புங்கள். அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்."

கீழே ஜெயலெட்சுமி என்று முழுப் பெயர். அதற்குக் கீழே கோணல் மாணலாக இராசையாவின் கையெழுத்து. பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. அதற்கும் கீழே ஒரு பெருவிரல் ரேகை. செவனம்மா என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

இரண்டு தடவை படித்தேன். எங்கள் எம்.பி. ஐயா அன்று உள்ளறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது, பத்து அடி தூரம் இருக்காது. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தும் விட்டேன்.

"என்ன சேந்தன், எந்தத் தோட்டம்?" என்றார் இரகுநாதன் ஐயா, பேப்பரிலிருந்து தலை நிமிராமல்.

சொன்னேன்.

"அப்ப அந்தத் தோட்டத்துக் கட்டுக்குள்ள போடுமன்."

நிரந்தரக் கடிதம் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. மடுல்சீமைக் கட்டின் மேல் அதை வைத்து, சணலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். அவளே அனுப்பச் சொல்லித்தானே எழுதியிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.